அடக்கி வாசிக்கும் கை

ஆறு கம்பிகளின் கதை – 23

மெட்டல் பக்கமே போகாத கிதார் கலைஞரிடம் ஒரு மெட்டல் ரிஃபைக் கொடுத்தால், அவர் முதலில் பார்ப்பது இடது கையைத்தான். எந்தக் கம்பி, எத்தனையாவது ஃப்ரெட், எந்த விரல்? சினிமாப் பாடல்களும் தேவாலயப் பாடல்களும் வாசித்துத் தேறிய ஒருவருக்கு இந்தக் கேள்விகளுக்கான விடை மிக எளிதாகத் தெரியும். தடித்த ஆறாவது கம்பி, அதிலும் விரலே வைக்காமல் திறந்த கம்பி. அதையே எட்டு முறை, பதினாறு முறை தட்ட வேண்டும். நடுநடுவே இரண்டு விரலில் பிடிக்கிற ஒரு கார்ட். 1982-ல் வந்த ‘இளைய நிலா’வின் கிதாரை வாசித்துக் கை பழகியவருக்கு இது ஒரு மாலைப் பொழுதின் வேலை என்றுதான் தோன்றும். மாலை முடிவதற்குள் எல்லா ஸ்வரமும் கைக்கு வந்துவிடும். பாட்டு மட்டும் வராது.

ஸ்வரம் வந்த பிறகும் பாட்டு வராமல் நிற்கிற அந்த இடத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். சென்ற வாரம் ப்ளூஸ் கிதாரில் ஒரு ஸ்வரத்தை வளைத்து, இழுத்து, முடிந்தவரை உயிரோடு வைத்திருக்கும் கலையைப் பார்த்தோம். மெட்டல் ரிஃபில் நிலைமை தலைகீழ். எழுப்பிய ஒலியை எந்த நொடியில் நிறுத்துகிறோம், எவ்வளவு சுத்தமாக நிறுத்துகிறோம் என்பதில்தான் அந்த இசையின் பலமே இருக்கிறது. அந்த வேலையில் பெரும்பங்கு பிக் பிடிக்கிற கைக்கு. வெளியிலிருந்து கேட்பவர்கள் இதை இரைச்சல் என்கிறார்கள். வாசிப்பவருக்கு இவ்வளவு கட்டுப்பாடு கேட்கிற கிதார் முறைகள் மிகக் குறைவு என்பது என் உறுதியான எண்ணம்.

டிஸ்டார்ஷன் என்ன செய்கிறது என்பது புரிந்தால் மற்றதெல்லாம் புரியும். ஆம்ப் தாங்கக்கூடிய அளவை மீறி ஒலியை அதற்குள் அனுப்பினால் அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன. 1958-ல் வெளியான ‘ரம்பிள்’ இசைக்காக அமெரிக்காவின் லிங்க் ரே தன் ஆம்ப்பின் ஸ்பீக்கரில் துளை போட்டார். லண்டனில் ‘கிங்க்ஸ்’ குழுவின் டேவ் டேவீஸ் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை பிளேடால் கீறினார். 1964-ல் வந்த ‘யூ ரியலி காட் மீ’யில் கேட்கும் கரகரப்பு அதுதான். பிறகு அதே கரகரப்பைத் தருவதற்கென்றே பெடல்களும் ஆம்ப்புகளும் வந்தன. வெட்டுப்பட்ட அலையில் மூல ஸ்வரத்தில் இல்லாத மேல் ஸ்வரங்கள் நிறையப் பிறக்கின்றன. அந்தக் கரகரப்பு எல்லாருக்கும் கேட்கும். கேட்பவர் கவனிக்காத, வாசிப்பவருக்கு முக்கியமான இன்னொரு விளைவும் உண்டு. மெதுவாகத் தொட்டாலும் பலமாகத் தட்டினாலும் வெளியே வரும் சத்தம் கிட்டத்தட்ட ஒரே அளவாகிவிடுகிறது. அகௌஸ்டிக் கிதாரில் பக்கத்துக் கம்பி லேசாக அதிர்ந்தால் யாருக்கும் கேட்காது. டிஸ்டார்ஷன் போட்ட கிதாரில் சட்டைக் கை உரசினாலே கேட்கும். வாசிக்கிற கம்பி ஒன்றென்றால் வாசிக்காத கம்பிகள் ஐந்து. அந்த ஐந்தையும் வாயடைத்து வைக்க வேண்டும்.

பெரிய கார்ட்கள் இந்த இசையில் குறைவாக இருப்பதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. திறந்த ஆறாவது கம்பியின் அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 82.4. அதன் பஞ்சமம் 123.5. இரண்டையும் ஒன்றாக டிஸ்டார்ஷனுக்குள் அனுப்பினால், இரண்டின் வித்தியாசமான 41-ம் ஒரு ஸ்வரமாகச் சேர்ந்து ஒலிக்கும். 41 என்பது அந்த ஆறாவது கம்பிக்கு ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் அதே ஸ்வரம். ஆக, இரண்டு விரலில் பிடித்த ச–ப, தனக்கு அடியில் தானே ஒரு மந்திர ஷட்ஜத்தை உண்டாக்கிக்கொள்கிறது. பவர் கார்ட் அவ்வளவு கனமாக ஒலிப்பது இதனால்தான். இப்போது நடுவில் ஒரு காந்தாரத்தைச் சேருங்கள். அது 103.8. இதற்கும் ஷட்ஜத்துக்கும் உள்ள வித்தியாசம் 21.4, பஞ்சமத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 19.6. அருகருகே இருந்தும் ஒன்றாகப் பொருந்தாத இரண்டு அதிர்வுகள் அடியில் முட்டிக்கொள்ள, கார்ட் கலங்கிப் போகிறது. அகௌஸ்டிக்கில் நிறைவாக ஒலித்த மேஜர் கார்ட், ஓவர்டிரைவ் ஏறிய ஆம்ப்பில் குழம்புவதன் கணக்கு இதுதான்.

என்னிடம் கற்றுக்கொள்ள வருகிற ஒரு தம்பி, ஞாயிறுதோறும் ஆராதனைக்கு கிதார் வாசிப்பவர். காது மிக நல்ல காது. மெட்டாலிக்கா பாட்டு ஒன்றை இரண்டு வாரமாகப் பழகிவிட்டு வந்து வாசித்துக் காட்டினார்.

“எல்லா நோட்டும் சரியாத்தான்ணா இருக்கு. ஆனா ரெக்கார்டுல கேக்குற மாதிரி இல்ல. பெடல் மாத்தணுமோ?”

“பெடலை ஆஃப் பண்ணிட்டு வாசிங்க தம்பி. கேப்போம்.”

டிஸ்டார்ஷன் இல்லாமல் வாசித்தார். ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்குப் போகும்போது முதல் கார்டின் வால் இரண்டாவதன் மேல் படிந்திருந்தது. ஆராதனைப் பாடலுக்கு அது அழகு. பாடுகிற சபையைத் தாங்கிப் பிடிக்க ஒலி அறுபடாமல் ஓட வேண்டும். அந்தப் பழக்கம் அவர் மணிக்கட்டில் பல வருடமாக ஊறியிருக்கிறது. ரிஃப் கேட்பது அதற்கு நேர்மாறான பழக்கம்.

“இப்ப ஒவ்வொரு கார்டும் முடிஞ்சதும் கையை வச்சு நிறுத்துங்க. நிறுத்துறதையும் தாளத்துல நிறுத்துங்க.”

அடுத்த கால் மணி நேரத்தில் அதே ஸ்வரங்கள், அதே ஆம்ப், அதே பெடல். பாட்டு வேறாக இருந்தது.

இந்த இசையின் தொடக்கத்திலேயே ஒரு கையின் கதை இருக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர் டோனி அயோமி. பதினேழு வயது. ஒரு குழுவோடு ஐரோப்பாவுக்கு வாசிக்கப் போவதாக ஏற்பாடு. வேலைக்கு அன்றுதான் கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக வேண்டாம் என்றுதான் இருந்தார். எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பி வைத்தார். வழக்கமாக இயக்குபவர் வராததால் பழக்கமில்லாத இயந்திரத்தில் நின்றார். அது கையில் இறங்கியது. வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் போயின. அயோமி இடக்கைக்காரர். நம்மில் பெரும்பாலோர்க்கு இடது கை செய்யும் வேலையை, அதாவது கம்பியை அழுத்தும் வேலையை, அவருக்கு அந்த வலது கைதான் செய்தது.

இனி கிதார் இல்லை என்றார்கள் மருத்துவர்கள். தொழிற்சாலையின் மேலாளர் ஓர் இசைத்தட்டோடு வீட்டுக்கு வந்தார். ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் வாசித்தது. 1928-ல் தங்கியிருந்த வண்டி தீப்பிடித்ததில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கி, மீதி இரண்டு விரலால் தனி வாசிப்பு முழுவதையும் வாசித்த மேதை ஜாங்கோ. அயோமி மறுபடி கிதாரை எடுத்தார். பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருட்டி, விரல் நுழையக் குழி செய்து, தேய்த்து வடிவாக்கினார். கம்பி வழுக்காமலிருக்கப் பழைய தோல் சட்டையிலிருந்து துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டினார். அந்த உறைகளைப் போட்டால் விரலுக்குக் கம்பியின் உணர்வு தெரியாது. தடித்த கம்பியை அழுத்தவும் முடியாது. மெல்லிய கம்பிகள் கடைகளில் கிடைக்காத காலம் அது. பேன்ஜோவின் கம்பிகளைக் கொண்டுவந்து கிதாரில் மாட்டினார். இரண்டு விரலில் அடங்கும் கார்ட்களையே நம்பி, அவற்றிலிருந்து எவ்வளவு கனம் எடுக்க முடியுமோ அவ்வளவையும் எடுத்தார்.

1970 பிப்ரவரி 13 அன்று அயோமி கிதார் வாசித்த ‘பிளாக் சப்பாத்’ குழுவின் முதல் ஆல்பம் வெளிவந்தது. அதே பெயர் கொண்ட முதல் பாட்டின் ரிஃபில் மூன்றே ஸ்வரங்கள். ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து இறங்கி வந்து பிரதி மத்யமத்தில் ஒரு நடுக்கம். பஞ்சமத்தில் வந்து அமரும் என்று காது எதிர்பார்க்கிறது. அதற்கு அரைப் படி கீழேயே அவர் நிறுத்திவிடுகிறார். கல்யாணியில் நாம் உருகிக் கேட்கும் அதே ஸ்வரஸ்தானம், தனியே ஷட்ஜத்துக்கு எதிரே நிறுத்தியதும் திகிலாகிறது. வேகமே இல்லை. கிதார் தொட்டு ஒரு மாதம் ஆனவரும் வாசிக்கக்கூடிய ஸ்வரங்கள். ஒவ்வொன்றையும் எவ்வளவு நேரம் நிற்கவிடுகிறார், அடுத்ததற்கு முன் எவ்வளவு காக்க வைக்கிறார் என்பதை அந்த ரிஃபோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தால்தான் தெரியும். 1971-ல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் பல பாடல்களுக்குக் கிதாரின் ஸ்ருதியையே மூன்று அரைப் படி இறக்கினார். கம்பி தளர்ந்து அவர் விரல்களுக்கு இதமானது. ஒலியும் இன்னும் கீழே போய்ப் பருத்தது. ஒரு கையின் தேவையிலிருந்து பிறந்த அந்த இறக்கத்தை இன்றுவரை உலகெங்கும் மெட்டல் குழுக்கள் பின்பற்றுகின்றன.

இனி பிக் பிடிக்கும் கைக்கு வருவோம். இதைக் கிதாரை மடியில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

பிரிட்ஜின் மேல், கம்பிகள் ஏறி வளைந்து இறங்கும் சேடில்களின் மேல், உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து ஓரத்தை வையுங்கள். சதையில் பாதி இரும்பின் மேலும் பாதி கம்பியின் மேலும் இருக்க வேண்டும். இப்போது ஆறாவது கம்பியைத் தட்டுங்கள். ‘தும்’ என்று, ஸ்வரம் தெரியும்படியும் உடனே அடங்கும்படியும் கேட்க வேண்டும். கை இரண்டு மில்லிமீட்டர் முன்னால் நகர்ந்தால் ஸ்வரம் செத்து வெறும் ‘தப்’ மிஞ்சும். இரண்டு மில்லிமீட்டர் பின்னால் போனால் கம்பி வழக்கம்போல நீளமாக ஒலிக்கும். இந்த நான்கு மில்லிமீட்டருக்குள் ஒரு முழு உலகமே இருக்கிறது. நல்ல மெட்டல் வாசிப்பாளர்கள் ஒரே ரிஃபுக்குள் கையை மயிரிழை முன்னும் பின்னுமாக நகர்த்தி, ஒரு ‘தும்’மை இறுக்கமாகவும் அடுத்ததைச் சற்றுத் திறப்பாகவும் வைப்பார்கள். மிருதங்கம் வாசிப்பவர்கள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள். வலந்தலையில் மோதிர விரலைத் தோலில் லேசாகப் பதித்துக்கொண்டு ஆள்காட்டி விரலால் ‘நம்’ எழுப்பும்போது, தட்டுகிற விரலைவிடத் தொட்டுக்கொண்டிருக்கும் விரல்தான் ஒலியின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது.

கையை வைப்பதில் அழுத்தம் கூடாது. கையின் சொந்த பாரம் போதும். அழுத்தினால் கம்பி இழுபட்டு ஸ்ருதி ஏறும். ஸ்பிரிங் வைத்த மிதக்கும் பிரிட்ஜ் உள்ள கிதாரில் இது அப்பட்டமாகக் கேட்கும். ரிஃப் முழுக்கச் சரியாக வாசித்தும் ஏதோ புளிப்பாக இருக்கிறது என்று தோன்றினால் ட்யூனரைப் பார்ப்பதற்கு முன் உள்ளங்கையைப் பாருங்கள்.

ஃப்ரெட் பக்கத்துக் கைக்கும் இதில் பங்கு உண்டு. ஐந்தாவது கம்பியில் பவர் கார்ட் பிடிக்கும்போது ஆள்காட்டி விரலின் நுனி, மேலே இருக்கும் ஆறாவது கம்பியைச் சற்றே தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதே விரலின் அடிப்பகுதி கீழ்க்கம்பிகளின் மேல் படுத்துக் கிடக்க வேண்டும். அழுத்துவது இரண்டு இடத்தில், தொடுவது நான்கு இடத்தில். கார்டை நிறுத்த வேண்டிய நொடியில் விரல்கள் அழுத்தத்தை விட்டாலும் கம்பியை விட்டு எழக் கூடாது. அதே நொடியில் உள்ளங்கையும் இறங்க வேண்டும். இரண்டு கையும் ஒன்றாக மூடும்போது கிடைக்கும் அந்தச் சட்டென்ற நிறுத்தம் இருக்கிறதே, எத்தனை வருடம் வாசித்தாலும் எனக்கு அதன் மேல் உள்ள ஆசை தீரவில்லை.

பிக்கையும் மாற்ற வேண்டியிருக்கும். ஸ்ட்ரம்மிங்குக்கு அரை மில்லிமீட்டர் சுமாருக்கு மெல்லிய பிக் வைத்திருப்போம். அது கம்பியில் பட்டதும் வளைந்து, பிறகு விடுபடும். அந்தத் தாமதம் ஸ்ட்ரம்மிங்கில் ஒரு மென்மை. ரிஃபில் அதுவே தளர்ச்சி. குறைந்தது ஒரு மில்லிமீட்டராவது தடிமன் உள்ளதாக, சிறியதாக எடுங்கள். டன்லப் ஜாஸ் த்ரீ என்ற சிறிய பிக்கின் தடிமன் 1.38 மில்லிமீட்டர், பெயரில் ஜாஸ் இருந்தாலும் மெட்டல்காரர்கள் பலர் விரும்பி வைத்திருப்பது அதைத்தான். விரலுக்கு வெளியே தெரியும் முனை சில மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

அடுத்தது டவுன்பிக்கிங். கீழ்நோக்கிய தட்டு மட்டும். நாம் பழகியது கீழே ஒன்று, மேலே ஒன்று. வேகத்துக்கு அது சிக்கனமான வழி. ஆனால் மேல்நோக்கிய தட்டு எப்போதும் சற்று மெலிந்தே ஒலிக்கும். கையின் எடை அதில் இறங்குவதில்லை. மெட்டாலிக்காவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் எல்லாத் தட்டும் ஒரே எடையில் விழ வேண்டும் என்று முடிவு செய்தார். பங்க் இசையின் ‘ரமோன்ஸ்’ குழுவில் ஜானி ரமோன் ஏற்கெனவே இப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தார். 1986 மார்ச்சில் வெளிவந்த ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு நிமிடத்துக்கு 212 தட்டு என்ற வேகத்துக்குப் பக்கத்தில் ஓடுகிறது. ஒரு தட்டுக்கு இரண்டு ஸ்வரம் என்றால் நிமிடத்துக்கு 424 முறை. நொடிக்கு ஏழு முறை கை கீழே இறங்குகிறது. ஏழு முறை மேலே திரும்பியும் வருகிறது, கம்பியைத் தொடாமல். நடுவில் மெதுவாக ஓடும் ஒரு பகுதியைச் சேர்த்து எட்டரை நிமிடப் பாட்டு. இதை வாசித்துக்கொண்டே மேடையில் பாடவும் செய்கிறார்.

இந்த வேகத்தை நேரடியாகத் துரத்தக் கூடாது. முழங்கை வரை இறுகிப் போகும், முன்கையில் எரிச்சல் வரும். எரிச்சல் வந்தால் அன்றைக்குக் கிதாரை வைத்துவிட வேண்டும். வலியோடு பழகினால் தசைநாண் வீங்கி மாதக்கணக்கில் வாசிக்க முடியாமல் போகும். மெட்ரோனோமை 100-ல் வைத்து, தட்டுக்கு இரண்டாக, கீழ்த்தட்டு மட்டும் வாசியுங்கள். இருபது நொடி வாசிப்பு, இருபது நொடி ஓய்வு. அசைவு மணிக்கட்டிலிருந்து வரட்டும். பிக் கம்பியைக் கடந்ததும் அதிக தூரம் போகாமல் உடனே திரும்பட்டும். அரிசி அளவு தூரம் மிச்சப்படுத்தினாலும் நொடிக்கு ஏழு முறை என்கிறபோது அது பெரிய சேமிப்பு. ஸ்ட்ரம்மிங்கில் வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு நன்மை உண்டு. அவர்கள் மணிக்கட்டு ஏற்கெனவே இளகியிருக்கும். விரலால் மீட்டிப் பழகியவர்கள்தான் பிக்கை இறுக்கிப் பிடித்துத் திண்டாடுவார்கள். அவர்கள் முதல் வாரம் பிடிக்கு மட்டும் செலவிட்டால் நல்லது.

அயர்ன் மெய்டன் குழுவின் ‘தி ட்ரூப்பர்’ போன்ற பாடல்களில் வரும் குதிரைப் பாய்ச்சல் நடைக்குக் கீழ்–மேல் இரண்டும் வேண்டும். ‘தா தக, தா தக’ என்று வாயால் சொல்லிக்கொண்டு ‘தா’வுக்குக் கீழே, ‘தக’வுக்குக் கீழே–மேலே. வாய் சுத்தமாகச் சொன்னால் கை சுத்தமாக வாசிக்கும்.

ஒலிக்கருவிகளைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரெக்கார்டில் கேட்கும் அந்தச் சுவர் போன்ற கிதார் ஒலி ஒரே கிதார் அல்ல. ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ பதிவு கோபன்ஹேகனின் ஸ்வீட் சைலன்ஸ் ஸ்டுடியோவில் நடந்தது. ரிதம் கிதார்களை எல்லாம் ஹெட்ஃபீல்ட் ஒருவரே, ஒரே ரிஃபைத் திரும்பத் திரும்ப வாசித்து, அடுக்கடுக்காகப் பதிவு செய்தார். இரண்டு முறை வாசித்த ரிஃப் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டுமானால் தொடக்கங்கள் மட்டும் பொருந்தினால் போதாது, நிறுத்தங்களும் பொருந்த வேண்டும். அந்தப் பிரம்மாண்டத்தை வீட்டில் ஒற்றைக் கிதாரில் கொண்டுவர கெயினைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் கடைசியில் சேற்றில் வாசிக்கிறார்கள். கெயினைப் பாதியில் வையுங்கள். மிட்டை முழுக்கக் குறைக்காதீர்கள்; டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் கிதார் காணாமல் போய்விடும். ஐபனீஸ் ட்யூப் ஸ்க்ரீமர் பெடல் இருந்தால் அதன் டிரைவைக் குறைத்து, லெவலை ஏற்றி, ஆம்ப்பின் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் போடுங்கள். அடி ஒலியின் தளர்ச்சி போய் ஒவ்வொரு ‘தும்’மும் தனியே நிற்கும். இதற்கு விதிவிலக்கு ஸ்டாக்ஹோம். அங்கே சன்லைட் ஸ்டுடியோவில் பதிவாகி 1990-ல் வந்த ‘என்டூம்ட்’ குழுவின் முதல் ஆல்பத்தில், பாஸ் எச்எம்-2 பெடலின் எல்லாக் குமிழ்களையும் கடைசி வரை திருகி ரம்பம் போன்ற ஓர் ஒலியைக் கொண்டுவந்தார்கள். அற்புதமான ஒலி. கற்கிறவர் அங்கிருந்து தொடங்கினால் தன் கை என்ன செய்கிறது என்பதே தனக்குக் கேட்காது.

தாளம் தெரிந்த தமிழ் வாசகர்களுக்கு மெட்டலுக்குள் நுழைய இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. ஸ்வீடனின் ‘மெஷுகா’ குழுவைக் கேளுங்கள். எட்டுக் கம்பிக் கிதார்கள். 2008-ல் வந்த ‘ப்ளீட்’ பாட்டில் டிரம்மர் தோமஸ் ஹாக்கேயின் கால்களும் கிதார்காரர்களின் பிக் கைகளும் ஒரே சொற்கட்டைப் பிசகாமல் சேர்ந்து வாசிக்கின்றன. மேலே கையில் தட்டுகிற சிம்பல் நான்கு நான்காகவே நடக்கிறது. கீழே ஓடும் சொற்கட்டு வேறு அளவு. இரண்டும் விலகி விலகிப் போய், ஒரு சுற்றின் முடிவில் சமத்தில் வந்து சேர்கின்றன. இந்த வகைக் கணக்கை எளிமையாக இப்படி அமைத்துப் பார்க்கலாம். பதினாறு மாத்திரை கொண்ட சுற்று நான்கு, ஆக 64 மாத்திரை. ‘ததிகிணதொம்’ என்ற ஐந்து மாத்திரைச் சொல்லைப் பன்னிரண்டு முறை அடுக்கினால் 60. மிச்சம் நான்குக்கு ஒரு ‘தகதிமி’. காலால் நான்கைத் தட்டிக்கொண்டு வாயால் இதைச் சொல்லுங்கள், பிறகு அதே சொல்லைத் திறந்த ஆறாவது கம்பியில் உள்ளங்கையை வைத்து வாசியுங்கள். இடது கைக்கு வேலையே இல்லாத ஒரு மெட்டல் ரிஃப் உங்கள் கையில் இருக்கும். லயம் பழகியவர்கள் இதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கண்டு மேற்கத்திய முறையில் கற்றவர்கள் வியந்துபோவதை நேரில் பார்த்திருக்கிறேன்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் வரிசை. முதலில் ‘பிளாக் சப்பாத்’ பாட்டின் அந்த மூன்று ஸ்வரம், மெதுவாக, அதே நீளங்களோடு. அடுத்து மெகாடெத் குழு 1992-ல் வெளியிட்ட ‘சிம்ஃபனி ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன்’. அருகருகே உள்ள இரண்டு பவர் கார்ட்களைச் சுற்றியே ரிஃப். கார்ட் எங்கே திறந்து ஒலிக்கிறது, எங்கே அடங்குகிறது என்பதைப் பழக இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அது கைக்கு வந்தபின் அதே 1992-ல் வந்த பான்டெரா குழுவின் ‘வாக்’. டைம்பேக் டேரல் வாசித்தது. திஸ்ர நடை. ஸ்வரத்தைச் சற்றே வளைத்து, விட்டு, உடனே வெட்டிவிடுகிறார். வெட்டிய இடத்தில் டிரம்ஸ் மட்டும் நடக்கிறது. வேகம் குறைவு என்பதால் எல்லாரும் அந்த இடைவெளிக்குள் அவசரப்பட்டு அடுத்த தட்டை முன்கூட்டியே போட்டுவிடுவார்கள். திஸ்ரத்தின் மூன்றையும் மனதுக்குள் முழுதாகச் சொல்லி முடித்த பிறகே கை இறங்க வேண்டும். ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ இவற்றுக்கெல்லாம் பிறகு, நிஜ வேகத்தின் பாதியிலிருந்து.

தினமும் பயிற்சி முடிவில் ஒரு நிமிடம் கைபேசியில் பதிவு செய்யுங்கள், டிஸ்டார்ஷனோடு. கேட்கும்போது ஸ்வரங்களை விட்டுவிட்டு இடைவெளிகளை மட்டும் கேளுங்கள். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் எதுவும் கேட்கவில்லை என்றால் மெட்ரோனோமில் ஐந்து கூட்டலாம். ஏதாவது மிச்ச ஒலி ஓடிக்கொண்டிருந்தால் வேகம் அப்படியே இருக்கட்டும். ஓடுவது தடித்த கம்பி என்றால் உள்ளங்கை பிரிட்ஜை நோக்கி அதிகமாகப் பின்வாங்கியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் முன்னால் கொண்டுவாருங்கள். மெல்லிய கம்பி என்றால் ஆள்காட்டி விரல் நிமிர்ந்துவிட்டிருக்கிறது. அதைப் படுக்க வையுங்கள்.